விமானியின் பையில் காகிதம் வேண்டுமா?

விமானி என்றதும் வெள்ளைச் சட்டையும் தோள்பட்டைக் கோடுகளும் நம் நினைவுக்கு வரும். அவர் கையில் தொங்கிய கனத்த கறுப்புப் பையைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். எந்த நிலையத்தில் எத்திசையிலிருந்து, எவ்வளவு உயரத்தில் அணுகி இறங்க வேண்டும், சுற்றிலும் மலை எங்கே, கோபுரம் எங்கே என்றெல்லாம் காட்டும் வழிப்படங்கள் அப்பையில் இருந்தன. 1930களில் எல்ரி ஜெப்பெசன் என்னும் அமெரிக்க அஞ்சல் விமானி, சிறு குறிப்பேடு ஒன்றில் இத்தகைய விவரங்களைத் தாமே எழுதிச் சேர்த்தார். அக்குறிப்பேடு பின்னர் உலகெங்கும் விமானிகள் பயன்படுத்தும் வழிப்படத் தொகுப்பாக வளர்ந்தது.

இன்று அப்பையின் இடத்தை டேப்லெட் என்னும் கையடக்கக் கணிப்பொறி பிடித்து வருகிறது. இதற்கு ‘மின்னணு விமானப் பை’ என்று பெயர். இம்மாற்றம் பெரிய விமானங்களைவிட, தொழிலதிபர்கள் பயணம் செய்யும் சிறு விமானங்களுக்கே மிகவும் தேவை என்பது என் கருத்து.

காரணத்தைப் பார்ப்போம். வழிப்படங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. உலக ஒப்பந்தப்படி 28 நாள்களுக்கு ஒரு முறை புதிய திருத்தங்கள் நடைமுறைக்கு வருகின்றன. காகிதமாயின், பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிய தாளைச் செருக வேண்டும். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஊழியர் உண்டு. சிறு விமானத்திலோ இவ்வேலை பெரும்பாலும் விமானியின் தலையில்தான் விழும். ஒரு தாள் இடம் மாறினாலும் ஆபத்து.

நம் கோவையையே எடுத்துக்கொள்வோம். பீளமேட்டு விமான நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. வடமேற்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தெற்கே ஆனைமலை, மேற்கே பாலக்காட்டுக் கணவாய், கிழக்கே அருகிலேயே சூலூர் விமானப்படைத் தளம். மேகம் மூடிய நாளில் இவ்வூருக்குப் புதிதாக வரும் விமானிக்கு மலையைக் காட்டுவது வழிப்படமே. அது பழைய படமாக இருந்தால் என்னவாகும்?

2011இல் அமெரிக்க அரசின் விமானத் துறை, வாடகைக்கு விடப்படும் சிறு ஜெட் விமானங்களை இயக்கும் நிறுவனம் ஒன்றுக்கு, காகிதமின்றி டேப்லெட்டை மட்டுமே கொண்டு வழிப்படம் பார்க்க அனுமதி அளித்தது. அறையின் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தாலும் கருவி இயங்குமா என்பதுகூட முன்னதாகச் சோதிக்கப்பட்டது. இந்தியாவிலும் விமான நிறுவனங்கள் இதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

“மின்கலம் தீர்ந்தால்? வெயிலில் கருவி சூடேறி நின்றால்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இரண்டாவது கருவியையும் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது மட்டும் போதாது. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனம் ஒன்றில், வழிப்படம் காட்டும் செயலி செயலிழந்ததால் பல விமானங்கள் தாமதமாயின. ஒரே நிலையத்தின் படம் இரு முறை பதிவாகியிருந்ததே காரணம். இருவர் கையிலும் ஒரே செயலி இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கைவிடக்கூடும். ஆகவே மாற்று ஏற்பாடு, முதல் ஏற்பாட்டின் நகலாக இருத்தல் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. 2004 அக்டோபரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், சரக்கு விமானம் ஒன்று ஓடுபாதையைத் தாண்டி விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். மடிக்கணினியில் புறப்பாட்டு வேகத்தைக் கணக்கிட்டபோது, முந்தைய புறப்பாட்டின் குறைந்த எடையே பயன்பட்டிருக்கக்கூடும் என்று விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. கணிப்பொறி பிழை செய்யவில்லை. கொடுத்த எண்ணுக்குச் சரியான விடையையே தந்தது. “இவ்வளவு கனமான விமானத்துக்கு இவ்வேகம் போதுமா?” என்ற கேள்வியை மனிதன்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே, காகிதம் போகட்டும். காகிதம் கற்பித்த அறிவு போகக் கூடாது. மாணவர்களே! புவியியல் வகுப்பில் சமஉயரக் கோடுகளைப் படிக்கும்போது, “கைபேசி இருக்க இது எதற்கு?” என்று எண்ணாதீர்கள். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து என்று அறிந்தவனே, திரை காட்டும் பாதை சரியா என்று ஐயுற முடியும். உங்களுள் சிலர் நாளை விமானியாகலாம்; சிலர் அந்தச் செயலியையே எழுதலாம். அந்த ஐயுறும் பழக்கம் இருவருக்குமே வேண்டும்.