அடைக்கலக் குட்டி

தெருவோரத்தினின்றும் மீட்கப்பெற்ற நாய்க்குட்டியொன்று என் இல்லத்தில் அடைக்கலமாக வளர்கின்றது. அகவை நான்கு திங்கள். காலணியைக் கடிக்கும், வேட்டித் தலைப்பைப் பற்றி இழுக்கும், என் பழைய நிகண்டின் அட்டையும் அதற்குத் தப்பவில்லை. பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் பருவமாதலின், ஈற்றின் தினவால் கடிக்கின்றதேயன்றிச் சினத்தாலன்று.

“சாதுவான குட்டி என்று கூறிக் கொடுத்துவிடுங்கள்” என்பர் அண்டை வீட்டார். அஃது எனக்கு உடன்பாடன்று. பொய் கூறிக் கொடுத்த குட்டி ஒரு கிழமைக்குள் திரும்பி வரும். வாராதொழியின் மீண்டும் தெருவிலேயே விடப்படும். யானை போல்வாரை விடுத்து நாய் போல்வாரை நட்பாகக் கொள்க என்பது நாலடியாரின் கருத்து. அத்தகைய நட்பைப் பொய்யால் தொடங்கலாமோ?

ஆதலின் வருவோரைச் சில வினவுவேன். காலையும் மாலையும் அதனுடன் ஓடியாட யார் உளர்? வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறாது போடுவிப்பீரோ? வீட்டார் அனைவரும் இசைந்தனரோ?

சென்ற கிழமை ஒரு சிறுவன் வீட்டார் அறியாமல் வந்தான். அவன் கண் கலங்கியது கண்டும் திருப்பியனுப்பினேன். மறுநாள் பாட்டியாருடன் வந்தான். அவ்வம்மையார் குட்டியை நோக்குமுன்னரே தம் வீட்டு மதிலின் உயரத்தைக் கூறினார். நிகண்டின் செய்தியை நான் மறைக்கவில்லை, கேட்டு நகைத்தார். வரும் ஞாயிறன்று அழைத்துச் செல்கின்றனர்.