ஹெல்மெட்டுக்கும் வயதுண்டு!

"ஹெல்மெட் போட்டிருந்தானா?"

வேலைத்தளத்தில் ஒரு தொழிலாளி அடிபட்டு விழுந்தால் நிர்வாகத்தின் வாயிலிருந்து புறப்படும் முதல் கேள்வி இது. சாரத்தைக் கட்டியது யார், மேலே கம்பி ஏற்றிக்கொண்டிருக்கும்போது கீழே ஆட்களை நிறுத்தியது யார் என்பதெல்லாம் பிறகு. முதலில் செத்தவன் தலையைப் பார்ப்பார்கள். தலையில் ஒன்றும் இல்லையென்றால் தீர்ந்தது சங்கதி. குற்றவாளி அகப்பட்டுவிட்டான், பிணமாகக் கிடக்கிறான்!

நாமும் ஹெல்மெட்டைப் பற்றித்தான் கேட்கிறோம். ஆனால் நம் கேள்வி வேறு. அது எந்த ஹெல்மெட்? செய்து எத்தனை வருஷம் ஆயிற்று? யார் தலையிலிருந்து கழற்றி இவன் தலையில் கவிழ்த்தார்கள்?

உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்துக் களமருதூரையும் சுற்றுக் கிராமங்களையும் நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். காட்டில் வேலை ஓய்ந்தால் கொத்தனாரும் சித்தாளும் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். கல்வராயன் மலையிலிருந்தும் இறங்கிப் போகிறார்கள். கிழக்கே நெய்வேலியில் சுரங்கமும் அனல் மின் நிலையமும் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்கத் தைவான் நாட்டுப் போ சென் கம்பெனியோடு 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் ஆயிற்று; 20,000 பேருக்கு வேலை என்றார்கள். வேலை வரட்டும், வரவேற்கிறோம். வேலை வருகிற இடத்தில் தலைக்குக் காவலும் வர வேண்டும் அல்லவா?

ஹெல்மெட் எப்படித் தலையைக் காக்கிறது என்று நம் தோழர்களிலேயே பலருக்கு யாரும் சொன்னதில்லை. மேலே தெரியும் பிளாஸ்டிக் ஓடு பாதி வேலைதான் செய்கிறது. மீதி வேலை உள்ளே இருக்கும் நாடா வலையினுடையது. ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே சுமார் ஓர் அங்குலம் வெற்றிடம் இருக்கும். 30 அடி உயரத்திலிருந்து நழுவும் ஒரு போல்ட், தலைக்கு வந்து சேரும்போது மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிறது. அந்த அடியை ஓடு வாங்கும். வலை இழுபட்டு அதைத் தலை முழுவதும் பரப்பும். அந்த ஓர் அங்குலம்தான் உயிர். அதற்குள் துண்டைச் சுருட்டி வைத்தால், பீடிக்கட்டைச் செருகினால், வெற்றிடம் போயிற்று. அடி நேரே மண்டையில் இறங்கும். வியர்வைக்குத் துண்டு வேண்டும் என்பது நியாயம்தான். அதற்கென்று நெற்றிப் பட்டை இருக்கிறது. அது நைந்துபோனால் புதுப்பட்டை கேளுங்கள்.

பிளாஸ்டிக்குக்கு நம் ஊர் வெயில் சத்துரு. மாதக்கணக்கில் காய்ந்த ஓடு நிறம் வெளுக்கும். விரலால் தேய்த்தால் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒட்டும். பிறகு ஒரு நாள் முட்டை ஓடு போல உடையும். இரு பக்கமும் கையால் அழுத்திவிட்டால் அது சட்டென்று பழைய உருவத்துக்கு வர வேண்டும். வராவிட்டாலோ, நெறுநெறுவென்று சத்தம் கேட்டாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அதைத் தலையில் வைக்கக் கூடாது. கழுவுவதற்கு லேசான சோப்பும் தண்ணீரும் போதும். நிழலில் உலர்த்த வேண்டும். சிமெண்டுக் கறை போகவில்லையே என்று தின்னரோ பெட்ரோலோ போட்டுத் தேய்த்தால் கறையோடு ஓட்டின் பலமும் போய்விடும். பெயிண்ட் அடிப்பதும் அப்படியே. காற்று வரட்டும் என்று ஓட்டை போடுகிறவர்களும் உண்டு! அதிலே ஆணி அள்ளுவது, தண்ணீர் மொள்ளுவது, சாப்பாட்டு நேரத்தில் கவிழ்த்துப் போட்டு உட்காருவது, லாரியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் போட்டுவைப்பது - இவையெல்லாம் நாமே நம் தலைக்குச் செய்துகொள்ளும் கேடு. தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கணக்கின் மறு பக்கத்தையும் பார்ப்போம். பலமான அடி ஒன்று பட்டுவிட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அந்த ஹெல்மெட்டின் ஆயுள் முடிந்தது. அடி படாவிட்டாலும் உள் வலையை வருஷத்துக்கு ஒரு தடவை, ஓட்டை ஐந்து வருஷத்துக்குள் மாற்றச் சொல்லுகிறார்கள் பல தயாரிப்பாளர்கள். கடும் வெயிலில் அதற்கும் முன்பே. இதைத் தொழிலாளியா மாற்ற முடியும்? காண்ட்ராக்டர் கையில் இருப்பது ஒரு மூட்டை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் மூட்டை அவிழும், போனதும் கட்டப்படும். நேற்று ஒருவன் வியர்வை ஊறிய பட்டை இன்று இன்னொருவன் நெற்றியில். வலையே அறுந்து வெறும் ஓடு மட்டும் உட்கார்ந்திருக்கும் தலைகளும் உண்டு. சாலையோரம் விற்கும் மலிவுச் சரக்கில் ஐ.எஸ். 2925 என்ற தர எண்ணும் முத்திரையும் இருக்கிறதா என்று எந்த மேஸ்திரி புரட்டிப் பார்க்கிறார்?

சித்தாள் பெண்ணின் கதை இன்னும் மோசம். அவள் தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் கலவைச் சட்டி. ஹெல்மெட்டை எங்கே வைப்பாள்? "எல்லோரும் கட்டாயம் அணிய வேண்டும்" என்று வாசலில் பலகை தொங்கவிட்டு, உள்ளே தலைச்சுமையாகவே கல்லும் மண்ணும் ஏற்றுகிறார்கள். தள்ளுவண்டியும் சுமை தூக்கும் இயந்திரமும் கொடுத்தால்தான் அவள் தலை ஹெல்மெட்டுக்கு ஒழியும். அதுவரை அந்தப் பலகை வெறும் கேலிக்கூத்து.

ஹெல்மெட் முதலாளி மனம் இரங்கிக் கொடுத்த கொடையுமல்ல. அமெரிக்காவில் ஹூவர் அணையை 1931-லிருந்து கட்டியபோது, பாறைச் சில்லுகளுக்குப் பயந்த தொழிலாளிகள் தங்கள் துணித் தொப்பிகளைத் தாரில் முக்கி இறுகவைத்துப் போட்டுக்கொண்டார்கள். அது தலைகளைக் காப்பாற்றுவதைப் பார்த்த பிறகுதான் கம்பெனி கெட்டித் தொப்பிகளை வாங்கிக் கொடுத்தது.

நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தையும் 1996-ஆம் வருஷத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தையும் விழுங்கிக்கொண்டு, புதிய பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தது. அந்தத் தொகுப்பைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, நாமும் எதிர்க்கிறோம். ஆயினும் அதில்கூட, பாதுகாப்புக்காகக் கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஹெல்மெட்டுக்கென்று கூலியில் பிடித்தம் செய்யும் காண்ட்ராக்டரிடம் இதை எடுத்துக் காட்டலாம். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சின்னக் கட்டடங்களைச் சட்டம் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. நம் கொத்தனார்களில் எத்தனையோ பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஹெல்மெட் ஒன்று இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2014 ஜூன் 28-இல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். 2020 மே மாதம் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. ஜூலை 1-ஆம் தேதி அதே நிலையத்தில் மறுபடியும் கொதிகலன் வெடித்தது. அன்றே 6 பேர் போனார்கள், மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராகப் போனார்கள். 2025 செப்டம்பர் 30-இல் எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 பேர் செத்தார்கள். அஸ்ஸாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாடி சரியும்போதும் நீராவி வெடிக்கும்போதும் பிளாஸ்டிக் ஓடு என்ன செய்யும்? ஹெல்மெட் கடைசிக் காவல். முதற்காவல் ஒழுங்கான சாரம், வலை, இடுப்புப் பட்டை, சோதிக்கப்பட்ட இயந்திரம். முதற்காவலில் மிச்சம் பிடித்துவிட்டுக் கடைசிக் காவலை மட்டும் தொழிலாளி தலையில் சுமத்துகிறார்கள். அதுவும் பழசு!

ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும் தோழர்கள் அவரவர் ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுவர வேண்டுகிறோம். ஓட்டைத் திருப்பினால் பலவற்றில் உட்புறம் ஒரு சின்ன வட்டம் தெரியும்; நடுவில் வருஷமும் சுற்றிலும் மாதங்களும் இருக்கும். அம்பு எங்கே காட்டுகிறது என்று வாசித்து, பெயர் வாரியாக ஒரு தாளில் எழுதுவோம். வட்டமே இல்லாததையும் முத்திரை இல்லாததையும் தனியாக எழுதுவோம். அந்தத் தாள் திங்கட்கிழமை காலையில் நிர்வாகத்தின் மேஜைக்குப் போகட்டும், ஒரு நகல் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு.