நம்ம மலையில் விளைந்த கரட்டுக்கு நாமே லொறிக் கூலி கட்டுவதா?

"டவுனில் சுப்பர் மார்க்கெட் திறந்துவிட்டார்கள், இனி மரக்கறி மலிவு" என்ற பேச்சு லயங்களில் கேட்கிறது. அங்கே போவதில் குற்றமில்லை. விலை எழுதி ஒட்டியிருக்கிறது. தராசு எல்லோருக்கும் ஒன்றுதான். தோட்டத்து ஆள் என்று முகம் சுளித்த கடைகளைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் மலிவு என்கிறார்களே, அந்தக் கணக்கைத்தான் நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் விளையும் கரட், லீக்ஸ், கோவாவில் பெரும்பகுதி லொறியேறி தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ போகிறது. நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு ஏறக்குறைய 150 கிலோமீற்றர். சாக்கில் திணித்துக் கொண்டுபோவதில் நசுங்குவது, அழுகுவது, தரகு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் விலையில் ஏறும். பிறகு அதில் ஒரு பங்கு மறுபடி மலையேறி நம்ம டவுனுக்கே வருகிறது. போக வர இரண்டு லொறிக் கூலியையும் கொடுப்பது நாம்தான்.

பெரிய கடைகள் விவசாயியிடம் நேரே வாங்குவதும் உண்டு. கார்கில்ஸ் நிறுவனம் 1999இலேயே ஹங்குராங்கெத்தையில் சேகரிப்பு நிலையம் திறந்தது. வழி குறைகிறது, சரி. ஆனால் நேராக, அழகாக இருப்பதைத்தான் எடுப்பார்கள். வளைந்த கரட் விவசாயி தலையில். குளிரூட்டிக்கும் கட்டட வாடகைக்கும் உறைக்கும் உள்ள செலவு நம் தலையில்.

விவசாயி என்றால் யாரோ அல்ல. லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டி போஞ்சியும் முள்ளங்கியும் போடுகிற நம்ம ஆட்கள்தான். வியாபாரி மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கும்போது அவர்களுக்கு என்ன வலிக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு, சாக்குக்கு என்று நம்மிடம் கழிப்பதும் அதே கைதான்.

இப்போது வீட்டுக் கணக்கு. கடையில் கிலோவுக்கு 20 ரூபா குறைவு என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து கிலோவுக்கு மிச்சம் 100 ரூபா. டவுனுக்குப் போய்வர ஆட்டோவுக்கு எவ்வளவு? பஸ்ஸில் இருவர் போனால் எவ்வளவு? அதற்காக அரைப்பேர் போனால் எவ்வளவு? பிள்ளை கேட்டு வாங்கிய பிஸ்கட்டுக்கு எவ்வளவு? சம்பளத்துக்கு முன் கையில் காசில்லாமல் கடன் கொப்பியில் எழுதி வாங்கும் மரக்கறிக்கு என்ன விலை போடுகிறார்கள்? இதையெல்லாம் ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பாருங்கள். விலைச் சீட்டில் இல்லாத செலவு அதில் தெரியும்.

வழி இருக்கிறது. டிவிஷனுக்கு ஒரு மரக்கறிப் பெட்டித் திட்டம். வாரம் ஒரு நாள், பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்திலோ கோயிலடியிலோ, நம்ம ஆட்கள் விளைவித்ததைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் நிறுத்து, பெட்டி பெட்டியாகப் பிரிக்க வேண்டும். வியாபாரி கொடுப்பதைவிட விவசாயிக்குக் கூட, கடையில் கொடுப்பதைவிட வாங்குபவருக்குக் குறைய. நடுவில் லொறியும் தரகும் இல்லாததால் இரண்டும் முடியும். காசு சம்பள நாளில் கட்டலாம் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கடன் கொப்பிதான் ஜெயிக்கும். கணக்கு மாதர் சங்கத்தின் கையில் இருக்கட்டும்.

பெரிய வெங்காயமும் பருப்பும் இந்தப் பெட்டியில் வராது. அவற்றுக்குக் கடைக்குப் போகத்தான் வேண்டும். இறக்குமதிக் கிழங்கு பல நேரம் நம்ம கிழங்கைவிட மலிவு என்பதும் உண்மை. ஆனால் கீரைக்கும் போஞ்சிக்கும் ஏன் டவுனுக்கு ஓட வேண்டும்?

இது வெறும் காசுப் பேச்சு அல்ல. 2016ஆம் ஆண்டு எடுத்த அரசாங்க சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் 100க்கு 32 பேர். நாட்டுக்கே மரக்கறி அனுப்புகிற மலையில் நம்ம பிள்ளைகள் வளராமல் நிற்கிறார்கள். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று போராடிப் பெற்ற சம்பளம் சட்டியில் சோறும் சம்பலுமாக மட்டும் முடிந்தால் அந்தப் போராட்டம் பாதிதான்.

பெரிய தடை காணி. பாத்தி நம்முடையது, மண் கம்பனியின் கையில். நாளைக்குப் பிடுங்கு என்றால் பிடுங்க வேண்டும். அந்தப் பயத்தோடு யார் எரு போடுவார்? ஆகவே கம்பனியோடு பேசும்போது சம்பளத்தோடு சேர்த்து, பயிர் செய்யும் துண்டுக் காணிக்கு எழுத்தில் உறுதி கேட்க வேண்டும். வீட்டுக்கு 7 பேர்ச் என்றதோடு பேச்சு நின்றுவிடக் கூடாது.

சந்தா வாங்குகிற சங்கத்துக்கும் இதில் கடமை உண்டு. தோட்டத் தலைவர்களே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக வையுங்கள். ஒரு தராசு, ஒரு கொப்பி, பத்துக் குடும்பம் போதும். தொடங்குங்கள்.