பாலம் கட்டிய ஆயரும் ஏரி வாரியமும்

ஐப்பசி அடைமழை விட்டதும் காவாந்தண்டலம் கிராமத்து விவசாயியின் கால் தானாக ஏரிக்கரைக்குப் போகும். கலங்கல் வழிகிறதா, கரையில் கசிவு உண்டா, மதகு சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இதே தண்ணீர்க் கவலை, சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் சிரியாவில் ஒரு கிறிஸ்தவ ஆயருக்கும் இருந்தது.

அவர் பெயர் தியோடரெட். 423-இல் சிர்ரஸ் என்ற சிறு நகரத்துக்கு ஆயரானார். திருச்சபை வருமானத்தில் இரண்டு பெரிய பாலங்களும் பொதுமக்களுக்குத் தூண் மண்டபங்களும் கட்டினார். குளியல் கூடங்களைப் பராமரித்தார். பக்கத்திலேயே ஆறு ஓடியும் ஊருக்குள் தண்ணீர் வரவில்லை. கால்வாய் கட்டிக் கொண்டுவந்தார். வரிச்சுமையைக் குறைக்கச் சொல்லி அதிகாரிகளுக்கும் அரண்மனைக்கும் கடிதம் மேல் கடிதம் போட்டார். அவருக்கு முந்தைய தலைமுறையில் கப்படோசியாவில், பின்னாளில் ஆயரான பசிலியார் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். அது பெரும் அறம். ஆனால் பாலமும் கால்வாயும் ஊர் முழுவதற்கும் உரியவை. பாலத்தில் நடப்பவரிடமும் கால்வாயில் குடிப்பவரிடமும் யாரும் மதம் கேட்பதில்லை.

448-இல் ரோமப் பேரரசர் தியோடரெட்டை ஊரைவிட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்படுத்தினார். அப்போது தன் தரப்பைச் சொல்லி எழுதிய கடிதத்தில் இந்தப் பணிகளைத்தான் வரிசையாக எடுத்துவைத்தார். இத்தனை ஆண்டுகளில் தனக்கென வீடோ நிலமோ கல்லறையோகூடச் சேர்க்கவில்லை என்றார். கொடுத்தவரே கணக்கும் ஒப்புவித்தார் என்பதுதான் இதில் முக்கியம்.

இப்படிக் கணக்கு ஒப்புவிப்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின்படி ஊர்ச் சபையின் ஏரி வாரியத்துக்குக் குடவோலை வழியாக 6 பேர். பதவி 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது. அந்த ஊரின் வைரமேக தடாகத்தைத் தூர்வாரத் தனியார் கொடைகள் வந்தன. நிலமும் சாத்திரக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தச் சபை திறந்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கு விதியை மட்டும் நாம் விடக் கூடாது.

இன்றும் கொடுக்கும் கைக்குக் குறைவில்லை. கோபுரத்துக்கும் அன்னதானத்துக்கும் கேட்காமலே பணம் வருகிறது. ஏரி வண்டலை அள்ளுவதற்கு? அரசு ஒதுக்கீடு வரும் என்று காத்திருக்கிறோம். மார்ச் 22, தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. வரவு, செலவு, உடைந்த மதகு எல்லாவற்றையும் அங்கே உரக்கப் படிக்கட்டும். கொடுக்க நினைப்பவர்கள் அங்கேயே பெயர் சொல்லட்டும். சித்திரையில் ஏரி வற்றுவதற்குள் தூர்வார ஆள் பேச அவகாசம் இருக்கும்.