ஏழையின் விவரங்களுக்குப் பாதுகாப்பு இல்லையா?



வீடு வாடகைக்கு எடுக்க அடையாள அட்டை நகல். தொழிற்சாலை வேலைக்கும் நகல். தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்க நகலோடு சம்பளச் சீட்டு, உறவினர் இருவரின் தொலைபேசி எண். நம் குடும்பங்கள் இப்படி எத்தனை நகல்களைக் கொடுத்திருக்கும்? அவை இப்போது யாருடைய கணினியில் இருக்கின்றன?

2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள், பெயர், முகவரி, அடையாள அட்டை எண் உட்பட, கசிந்தது அம்பலமானது. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான்! "போலீஸ் பேசுகிறேன், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது" என்று மிரட்டும் மோசடிக்காரனுக்கு இத்தகைய கசிவுகளே மூலதனம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் செய்யப்பட்ட திருத்தம், அதன் அடிப்படை விதிகளை மீறும் நிறுவனங்களுக்கான அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. நல்லது, வரவேற்போம். ஆனால் நம்மைப் போன்றவர்களைப் பாதிக்கும் இரண்டு ஓட்டைகள் இன்னும் அடைபடவில்லை.

முதலாவது, இச்சட்டம் வாணிப நடவடிக்கைகளுக்கு மட்டுமே. மத்திய அரசையும் மாநில அரசுகளையும் இது கட்டுப்படுத்தாது என்று 3-வது பிரிவே சொல்கிறது. வசதி படைத்தவர் உதவி கேட்டு அரசாங்கத்திடம் போவதில்லை. நாமோ உதவித்தொகைக்கும் மலிவுவிலை வீட்டுக்கும் குடும்ப வருமானம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், நோய் விவரம் வரை ஒப்படைக்கிறோம். 2025-இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டமோ, மத்திய அரசு இலாகாக்கள் இவ்விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளவும் வழி செய்கிறது. அதிகம் கொடுப்பவனுக்குப் பாதுகாப்பு குறைவு. இது என்ன நியாயம்?

இரண்டாவது, உங்கள் விவரங்களை எதற்காகச் சேகரிக்கிறோம் என்ற அறிவிப்பை நிறுவனங்கள் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தந்தால் போதும் என்கிறது 7-வது பிரிவு. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த நம் தாய்மார்கள், எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமலேயே கையெழுத்திடுகிறார்கள். புரியாமல் போட்ட கையெழுத்து எப்படிச் சம்மதமாகும்?

நம் கோரிக்கைகள் இவை: அரசாங்கமும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். அறிவிப்புகள் தமிழிலும் வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, இதைக் கேளுங்கள்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டாம். ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்கவும், கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறவும், விளம்பர அழைப்புகளை நிறுத்தச் சொல்லவும் இன்றே உங்களுக்கு உரிமை உண்டு. நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். மோசடியில் பணம் போனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997-ஐ அழையுங்கள். இதைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சொல்லுங்கள்.

கூரை சிறியதானாலும் வீட்டுக்குக் கதவு வேண்டும். அந்தக் கதவைக் கேட்டுப் பெறுவோம்!