வீட்டுப்பாடமும் பள்ளிவாசல் திண்ணையும்



திருவரங்குளம் வட்டாரத்தில் உறவினர் இல்லத்தில் அண்மையில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரதட்சணைக் கொடுமை பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதினாள் என்பது பிழை. கைப்பேசித் திரையில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படியெடுத்துக்கொண்டிருந்தாள். 'டவுரி' என்றால் என்னம்மா என்று வினவினேன். விழித்தாள். அடுத்த அறையில் அவளுடைய அக்காவின் நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எத்தனை பவுன் என்பதே அங்கு பேசுபொருள்.

குற்றம் அப்பிள்ளையுடையதன்று. தந்தை வளைகுடாவிலிருந்து டியூஷனுக்குப் பணம் அனுப்புகிறார். டியூஷனில் விடையைச் சொல்ல, பிள்ளை எழுதிக்கொள்கிறது. தாயோ, "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று ஒதுங்கிக்கொள்கிறாள். நோட்டில் 'வெரி குட்' விழுகிறது, அனைவருக்கும் நிம்மதி! பிள்ளைக்காக நாம் எழுதிக் கொடுப்பதை உதவி என்கிறோம். அது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம் என்றே நான் கூறுவேன்.

ஆங்கிலம் அறியாத தாய்க்கு வரதட்சணை தெரியாதா? மஹரை மனமுவந்து பெண்ணுக்குக் கொடுக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் ஆணுக்கன்றோ கட்டளையிடுகிறது! கண்மாய் வறண்டது, காடெங்கும் தைலமரம் பரவியது, 2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து அமர்ந்தது, இவையெல்லாம் நம் வீட்டு நன்னிமார்கள் கண்ணால் கண்டவை. பிள்ளை அவற்றைத் தமிழில் கேட்டறியட்டும். பிறகு அதை நான்கு ஆங்கில வாக்கியங்களாக்கத் துணைநிற்க ஒருவர் போதும்.

அந்த ஒருவர் எங்கே? நம் மஹல்லாக்களில் பட்டம் பெற்ற பெண்மக்கள் சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு அமர்ந்திருக்கிறார்களே, அவர்கள்தாம். இதை ஒரு நிர்வாகியிடம் கூறியபோது, "ஆங்கிலம் துன்யாக் கல்வி, அதற்குப் பள்ளிவாசல் இடமன்று" என்றார். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தவர்கள் நபி (ஸல்) அவர்களே. அரை மாதத்திற்குள் அவர் கற்றுத் தேர்ந்தார் என்பது திர்மிதீயில் பதிவாகியுள்ளது. பத்ருக் கைதிகளில் எழுத்தறிந்தோர் மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே பிணைத்தொகையாக ஏற்கப்பட்டது. கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கற்பித்ததும் மார்க்கமன்று, எழுத்து.

"பெண்கள் மாலையில் வெளியே வருவதா?" என்பது அடுத்த தடை. இதை வேறு மாவட்டத்தார் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் இதே புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் ஏறி எழுத்துப் படிக்கப் போனார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். ஏளனம் பேசியோர் அன்றும் உண்டு. சைக்கிள் மிதித்தவர்களில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிட்டோம்.

2021இல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது தன்னார்வலருக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். ஒரு கந்தூரிச் சாப்பாட்டில் மிஞ்சிக் கொட்டப்படும் சோற்றின் விலை அதைவிட அதிகம். (சீரியல் விளக்குச் செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

அன்று மாலை கைப்பேசியை மூடச் சொன்னேன். அரைமணி நேரம் பேசியபின் அவள் எழுதியவை மூன்றே வாக்கியங்கள். அவற்றுள் இரண்டில் பிழை. ஆனால் மூன்றும் அவளுடையவை. மூன்றாவது வாக்கியத்தில் அக்காவின் பெயர் இருந்தது.

மக்தப் முடிந்து பிள்ளைகள் கலையும் வேளையில் திண்ணையில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது, பாய் விரித்தபடியே கிடக்கிறது. இன்னும் முக்கால் மணி நேரம் அதைச் சுருட்டாமல் வைக்க முடியுமா என்று வருகின்ற ஜும்ஆவுக்குப் பின் உங்கள் நிர்வாகிகளிடம் கேளுங்கள். முடியாதென்றால் காரணத்தையும் கேளுங்கள்.