நடுவில் விடுபட்ட படங்கள்

வயல் வீடான கதையைச் சொல்ல இரண்டு வான்படங்களை அருகருகே வைப்பது நிலப்பயன்பாட்டு ஆய்வில் வழக்கமாகிவிட்டது. இடப்பக்கம் 1939, வலப்பக்கம் 1980. பார்ப்பவர் ‘அடேயப்பா’ என்பார். பேச்சாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். நிலம் மாறியது என்பதற்கு அந்த ஜோடி நல்ல சாட்சிதான். எந்த வரிசையில் மாறியது, ஏன் மாறியது என்று குறுக்கு விசாரணை செய்தால் அது வாய் திறக்காது.

கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு இதற்குத் தகுந்த வழக்கு. சிலிக்கான் பள்ளத்தாக்கு என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பு, ப்ரூன், ஆப்ரிகாட் தோப்புகளுக்கும் பழத்தை டின்னில் அடைக்கும் ஆலைகளுக்கும் பேர்போன இடம் அது. 1930களில் அமெரிக்க வேளாண் துறை விளைநிலங்களை விமானத்திலிருந்து படமெடுக்கத் தொடங்கியது. விளைபொருள் விலை சரியாமலிருக்க, சாகுபடிப் பரப்பைக் குறைத்த விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுத்துவந்தது. சொன்னபடி குறைத்தார்களா என்று சரிபார்க்க வேண்டும், அதற்குத்தான் விமானம். வயலை அளக்க எடுத்த படங்களே பின்னாளில் வயல் காணாமல் போனதற்கு ஆவணமாயின.

அந்தப் படங்களின் வழக்கமான அளவை 1:20,000. படத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 20 மீட்டர். ஒரு ஹெக்டேர் நிலம் 5 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தோப்பு புள்ளிக்கோலமாகத் தெரியும். மரம் பட்டுப்போன இடத்தில் ஒரு புள்ளி குறையும். 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று கவியும்படி எடுத்த அடுத்தடுத்த படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்தால் உயரம் புலப்படும்; அதைக்கொண்டு நிற்பது இளங்கன்றா முதிர்ந்த மரமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். புள்ளி குறைந்துகொண்டே போயும் கன்று நடப்படவில்லை என்றால், உடையவர் அந்த மண்ணில் இன்னொரு தலைமுறை விவசாயத்தை எதிர்பார்க்கவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு. வீடு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிடைக்கிற தடயம் இது.

இனி 1950களின் படங்கள். அந்தப் பள்ளத்தாக்கின் முக்கிய நகரமான சான் ஹோசேயின் நகர நிர்வாகியாக ஏ. பி. ஹமன் 1950 முதல் 1969 வரை இருந்தார். சுற்றுப்புற நிலங்களை வரிசையாக நகர எல்லைக்குள் இழுத்துக்கொண்டவர். 1950இல் சுமார் 95,000 ஆக இருந்த மக்கள்தொகை 1970இல் ஏறக்குறைய நாலரை லட்சம். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் பார்ப்பவர், நகரம் விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது என்றே நினைப்பார். நடுவாண்டுப் படங்கள் வேறு கதை சொல்கின்றன: தோப்புகளின் மத்தியில் தனியாக ஒரு மனைப்பிரிவு, இரண்டு மைல் தள்ளி இன்னொன்று, இடையில் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும் மரங்கள். பக்கத்து மனையின் விலையை வைத்துத் தோப்புக்கும் வரி ஏறியது. விற்பதே லாபம் என்றானது. விளைநிலத்துக்கு விளைச்சல் மதிப்பில் மட்டும் வரி விதிக்க வகைசெய்த வில்லியம்சன் சட்டம் 1965இல்தான் வந்தது. அதற்குள் பாதிக் காரியம் முடிந்துவிட்டது.

இந்த நடுக்கட்டத்தைக் கலைஞர் ஒருவரும் படமாக்கியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் அருகே அவரைக்காய் வயல்களாக இருந்த 3,500 ஏக்கரில் லேக்வுட் என்ற புறநகர் எழுந்தது. மொத்தம் 17,500 வீடுகள். கட்டுமான நிறுவனத்துக்காக 1950இல் வில்லியம் கார்னெட் சிறிய விமானத்தில் பறந்து, மண் சமன்செய்தது, அடித்தளம், மரச்சட்டம், கூரை என்று கட்டம் கட்டமாக எடுத்தார். தொழிலின் பெருமையைக் காட்ட எடுத்தவற்றையே பின்னர் புறநகர்ப் பெருக்கத்தைச் சாடியவர்கள் எடுத்தாண்டார்கள். பார்க்க அழகான படங்கள். ஆனால் சாய்வாக எடுத்த படத்தில் பரப்பளவைக் கணக்கிடுவது பெரும்பாடு. அளப்பதற்கு, வேளாண் துறையின் அந்தச் சலிப்பூட்டும் செங்குத்துப் படங்கள்தான் கைகொடுக்கும்.

அவற்றிலும் ஏமாறலாம். அறுவடை முடிந்த வயலும் மனை போடக் காத்திருக்கும் தரிசும் ஒரே சாம்பல் நிறத்தில்தான் தெரியும். எடுத்த மாதம் தெரியாமல் எதையும் ‘கைவிடப்பட்ட நிலம்’ என்று வகைப்படுத்தக் கூடாது. தேதி பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் இருக்கும். ஸ்கேன் செய்பவர் ‘சுத்தமாக’ இருக்கட்டும் என்று வெட்டி எறிவதும் அந்த ஓரத்தைத்தான்.

இந்திய நிலப்பரப்பை ஆராய்கிறவர்களுக்கு அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன: 1960 முதல் 1972 வரை எடுத்தவை, 1995இல் ரகசியம் நீக்கப்பட்டவை, எட்டரை லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஒன்றையும் இன்றைய கூகுள் எர்த் படத்தையும் ஜோடி சேர்த்து நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகளே அதிகம். அடுத்த இதழிலிருந்து, நிலப்பயன்பாட்டு மாற்றம் பற்றிய கட்டுரைகளில் இடைப்பட்ட ஆண்டின் படம் ஒன்றாவது இருக்க வேண்டும், படம் கிடைக்காவிட்டால் அந்தக் காலத்து மனைப்பிரிவு வரைபடமோ வருவாய்த் துறையின் நிலப்பதிவேடான ‘அ’ பதிவேட்டு விவரமோ இருக்க வேண்டும் என்று ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது. படம் எடுத்த மாதத்தைக் குறிப்பிடாத கட்டுரைகள் திருப்பி அனுப்பப்படும்.